ஒன்பதாம் நம்பருக்குக் கீழே ஒரு கோடு

அத்தியாயம் ஆறு

“சாயந்திரம் பஸ்ஸு கெளம்பிரும். அதுக்குள்ள சொல்லிருங்க தங்கச்சி. இவள அனுப்பவா, வேணாமா?”

சுப்பம்மா இதைக் கேட்டபோது அழவில்லை. அழுது முடித்துவிட்ட குரல் அது. மலாக்காவில் ரெம்பியா ஊரைத் தாண்டி, எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்திலிருந்த அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில், மாலை போட்ட புதுப் படத்துக்கு எதிரே இரண்டு பேரையும் உட்காரவைத்து, கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்.

அந்த இருவரில் ஒருவர் திலகவதி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருடம் பொய் சொல்கிறவர்களைத் தேடிப் பிடிப்பதே வேலையாக இருந்துவிட்டு, இப்போது மலாக்கா பட்டணத்துத் தெங்கேராவில் ஒரு மாடி அறையில் சொந்தமாகத் துப்பறிகிறார். இன்னொருவன் ஹரிதாஸ். அந்த அலுவலகத்தின் காரோட்டி, எடுபிடி, காவலாளி, வாய் எல்லாம் அவன்தான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் உட்கார்ந்த சூட்டோடு ஒரு ஜோக் அடிக்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது. இந்த வீட்டில் மட்டும் கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்தான்.

படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் பவானேஸ்வரி, சுப்பம்மாவின் மூத்த மகள். தேசிய மகளிர் வாலிபால் அணியில் ஒன்பதாம் நம்பர். திங்கட்கிழமை காலையில் தோட்டத்துக் குளத்தில் மிதந்தாள். போலீஸுக்குக் கிடைத்த கதை ரொம்பச் சுருக்கம். அணியிலிருந்து நீக்கினார்கள், அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள், குளத்தில் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரி அறிக்கை வர நாளாகுமாம். ஊருக்கு அதுவரை பொறுமை ஏது? தற்கொலை என்று பேசி முடித்துவிட்டார்கள்.

இப்போது காலியான அந்த இடத்துக்கு இளையவள் ஷாமினியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று மாலை பஸ், இரவு விமானம், தாய்லாந்தில் போட்டி. ஒரு மகளைக் கொன்ற கூட்டத்தோடு இன்னொரு மகளை அனுப்புகிறோமா என்பதுதான் சுப்பம்மாவின் கேள்வி.

உள்ளறையிலிருந்து ஷாமினி பையோடு வந்தாள். பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத முகம். புதுச் சட்டையின் நெஞ்சில் தங்க நிறத்தில் ஒரு சருகுமான் துள்ளியது. அதன் கீழே ‘பெலாண்டோக் ஸ்டார்ஸ்’ என்று எழுதியிருந்தது.

“நாட்டு டீம்னு சொன்னாங்க. இது சமையல் எண்ணெய் பேராச்சே?” என்றான் ஹரிதாஸ்.

“இது கிளப் போட்டிண்ணே. நாட்டுப் பேர்ல ஆட முடியாது. நம்மகிட்ட அவ்ளோ பெரிய கிளப்பும் இல்ல. அதனால நேஷனல் டீமே ஸ்பான்சர் பேர்ல போகும். நெறைய நாடு இப்படித்தான் செய்யுதுலா.”

“கொடிய எடுத்துட்டு எண்ணெய் போத்தல ஒட்டிட்டாங்க. அப்ப நீங்க நாட்டுக்காக ஆடுறீங்களா, நாசி கோரேங் சோறு கிண்டறதுக்காகவா?”

ஷாமினிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் படத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினாள். ஹரிதாஸுக்குத் தன் வாயின் மேலேயே கோபம் வந்தது.

“அக்காவ ஏன் நீக்கினாங்க?” திலகவதி கேட்டார்.

“கிளப் போட்டியில வெளிநாட்டு ஆளுங்கள சேத்துக்கலாம் ஆன்ட்டி. ரெண்டு பேர கம்பெனி கொண்டு வருது. அதனால நம்ம ஆளு ரெண்டு பேர நீக்கணும். மேனேஜர் காந்தன் அங்க்கல் ஞாயித்துக்கிழமை சொல்லிட்டாராம்.”

“நீ அப்ப எங்க இருந்த?”

“வீட்லதான். அன்னிக்கு முழுக்க வீட்லதான் இருந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. சாயந்திரம் அக்கா இந்த ஜெர்சியோட அழுதுக்கிட்டே வந்துச்சு. போய்ப் படுத்துச்சு. நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்தா ஆளக் காணோம்.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். போலீஸிடம், சொந்தக்காரர்களிடம், அக்கம்பக்கத்தில் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ பாவம் என்று ஹரிதாஸ் நினைத்துக்கொண்டான்.

“இடம் இல்லன்னு அக்காவ நீக்கினாங்க. இப்ப அதே இடத்தத் தங்கச்சிக்குக் குடுக்கிறாங்க. எப்படிம்மா?”

“பாவம் பாத்துக் குடுக்கிறேன்னு சொன்னாரு” என்றாள் ஷாமினி தரையைப் பார்த்து.

சுப்பம்மா அலமாரியின் மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். “போலீஸ்ல குடுத்தது. அவ போட்டிருந்த சட்டை. நான் தொறந்துகூடப் பாக்கல. குளத்துலேர்ந்து எடுத்தப்பக்கூட இவ கிட்ட வரல.” பையின் முடிச்சில் கை வைத்ததும் ஷாமினி எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

திலகவதி சட்டையை மடியில் விரித்தார். சேற்று நாற்றம் எழுந்தது. முன்னால் சருகுமான், அதன் கீழே ஒன்பது, ஒன்பதுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணிப் பட்டை.

“இது என்னக்கா? பள்ளிக்கூடத்துல தப்பான விடைக்கு வாத்தியாரு அடிக்கோடு போட்ட மாதிரி?” என்றான் ஹரிதாஸ்.

“கேப்டன் கோடு. வாலிபால்ல கேப்டன் யாருன்னு நடுவருக்குத் தெரியறதுக்கு நெஞ்சு நம்பருக்குக் கீழ ஒரு கோடு இருக்கணும். மத்தவங்களுக்கு இருக்கக்கூடாது.” திலகவதி பட்டையைத் தடவிப் பார்த்தார். “டீம்ல இருந்து தொரத்துன பொண்ணு சட்டையில கேப்டன் கோடு எப்படி வந்துச்சு?”

“பவானி கேப்டன் இல்ல தங்கச்சி. ராகினின்னு ஒரு பிள்ளதான் கேப்டன்” என்றார் சுப்பம்மா.

திலகவதி சட்டையை உள்பக்கம் திருப்பினார். நூல் தெரியவில்லை, தையல் ஓடிய இடத்தில் லேசான சுருக்கம் மட்டும் இருந்தது. முடிச்சு அங்கே இல்லை. மறுபடி வெளிப்பக்கம் திருப்பினார். முடிச்சுகள் அங்கே, பட்டையின் ஓரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருந்தன.

“சுப்பம்மாக்கா, நீங்க ஒரு பட்டன் தைச்சா முடிச்ச எங்க போடுவீங்க?”

“உள்பக்கம்தான். வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்குமே.”

“சட்டைய ஒருத்தங்க போட்டிருக்கும்போது தைச்சா?”

சுப்பம்மா முகம் சுளித்தார். “ஒடம்புல இருக்கிற துணியத் தைக்கவே கூடாது தங்கச்சி. எங்க வீட்ல யாரும் செய்ய மாட்டோம். எம்மவளுங்களுக்கும் தெரியும். தைக்கணும்னா கழட்டிருவாளுங்க.”

“ஆனா இதக் கழட்டாமத்தான் தைச்சிருக்காங்க. உள்ள கை விட முடியாததாலதான் முடிச்சு எல்லாம் வெளிய விழுந்திருக்கு.”

பின்பக்கம் தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. தைக்கக் கூடாது என்று தெரிந்த ஒரு பெண், தன் மேல் ஒருத்தி தைக்கும்போது சும்மா இருந்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் புரிந்துதான் இருந்தது.

“பஸ்ஸு எங்கேர்ந்து கெளம்புது?”

“எண்ணெய் மில்லு வாசல்லேர்ந்து.”

“நாங்க வர்ற வரைக்கும் இவள ஏத்தாதீங்க” என்று திலகவதி எழுந்தார்.

* * *

ராகினியைத் தேடி ஹரிதாஸின் மைவி கார் மலாக்கா பட்டணத்தைப் பார்த்து ஓடியது. திலகவதி கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேனேஜர் காந்தனைக் கூப்பிட்டார்.

“இன்னும் என்ன விசாரணை மேடம்?” காந்தனின் குரலில் அவசரம் தெரிந்தது. “நான் எவ்ளோ உதவி செஞ்சேன் தெரியுமா? தங்கச்சிக்கு சான்ஸ் குடுத்திருக்கேன்.”

“ஒரு சின்ன சந்தேகம் சார். பவானி சட்டையில நம்பருக்குக் கீழ ஒரு கோடு இருக்கே?”

“கோடா? கம்பெனி டிசைனா இருக்கும். அதெல்லாம் மார்க்கெட்டிங் ஆளுங்க செய்யறது. எனக்கு ஃப்ளைட் இருக்கு மேடம்.” இணைப்பு அறுந்தது.

“பாத்தியா ஹரி? வாலிபால் டீமுக்கு மேனேஜர். கேப்டன் கோடு எதுன்னு தெரியல.”

“இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி கடை கடையா எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தாராம். கோச்தான் ஆட்டத்தப் பாத்துக்கிறவரு. அவரு ஏற்பாடு பண்றதுக்கு போன வாரமே தாய்லாந்து போயிட்டாராம்.” ஹரிதாஸ் ஒரு லாரியை முந்தினான். “அக்கா, எனக்கு விஷயம் புரிஞ்சிருச்சு. ராகினி கேப்டன். பவானி அந்த எடத்தப் புடிக்கப் பாத்திருக்கா. பொறாமை. ராகினியே அவ கதைய முடிச்சிட்டு, ‘இந்தா, கேப்டன் பதவிய நீயே வச்சிக்கோ’ன்னு கோட்டையும் தைச்சு அனுப்பிட்டா.”

திலகவதி பையை முழங்காலில் வைத்திருந்தார். “தையல நல்லாப் பாத்தியா? பட்டைய ஊசி நுனியால கோத்துக் கோத்து, சட்டைத் துணியில பாதி தடிமன்தான் எடுத்திருக்கு. ஒவ்வொரு தையலும் அப்படித்தான். ஏன் தெரியுமா?”

“ஏன்?”

“உள்ள இருக்கிற ஒடம்புல ஊசி குத்திடக் கூடாதுன்னு. பொறாமைக்காரி இவ்ளோ பயந்து தைக்க மாட்டா, ஹரி.”

ஹரிதாஸ் தெங்கேராவில் ஒரு மளிகைக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினான்.

* * *

ராகினி உயரமான பெண். அப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் என்று சொல்லி அணியோடு போகாமல் நின்றுவிட்டவள். தொட்டுப் பார்த்தால் நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

திலகவதி எதையும் கேட்கவில்லை. சட்டையை எடுத்து அவள் முன்னால் விரித்தார். ராகினியின் கை தானாகவே அந்தக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

“நீதான் தைச்சியா?”

“ஆமா ஆன்ட்டி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ குளத்துலதான் செத்தாளா? இல்ல அதுக்கு முன்னாடியேவா?”

“அத நீதான் எங்களுக்குச் சொல்லணும்.”

சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி என்று கூட்டிப் போய், மில் முற்றத்தில் விளம்பரப் படம் எடுத்தார்கள். உச்சி வெயில். தார்த் தரையில் வலை கட்டி, பின்னால் எண்ணெய் டின்களைக் கோபுரமாக அடுக்கி, குதி, அடி, விழு, மறுபடி குதி. ஆளுக்கு ஒரு சட்டைதான் என்பதால் மேலே தண்ணீர் சிந்தக்கூடாது. ஷாட் முடிகிற வரை யாரும் நகரக்கூடாது. எல்லோருடைய கைப்பேசியையும் காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

“பவானி ரெண்டு தடவ தலை சுத்துதுன்னு சொன்னா. காந்தன் அங்க்கல், ‘நாட்டுக்காக ஆடறப்ப சுத்தாதா? கம்பெனிக்காகன்னா மட்டும் சுத்துதா?’ன்னு கேட்டாரு. மூணாவது தடவ அவ சொல்லல. விழுந்துட்டா.”

“ஆம்புலன்ஸ்?”

“கூப்பிடுங்கன்னு கத்தினேன். ‘யாரு பேர்ல கூப்பிடறது?’ன்னு கேட்டாரு ஆன்ட்டி. முதல்ல கம்பெனிக்குப் போன் பண்ணாரு. அவ நம்ம ஆளு இல்ல, நாட்டு ஆளு, வாலிபால் சங்கத்தக் கேளுன்னுட்டாங்க. சங்கத்துல ஞாயித்துக்கிழமை யாரு இருப்பா? யாரும் எடுக்கல. மறுபடி கம்பெனிக்குப் பண்ணாரு. நான் ஸ்டோர் ரூம்ல அவ தலைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவரு வெளிய நடந்துக்கிட்டே பேசிக்கிட்டு இருந்தாரு. அந்தப் போனுங்களுக்கு நடுவுல அவ மூச்சு நின்னு போச்சுன்னு நெனச்சேன்.”

ஹரிதாஸ் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கடையில் யாரோ பச்சை மிளகாய் நிறுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“கோட்ட ஏம்மா தைச்ச?”

“கம்பெனி அடிச்ச சட்டையில யாருக்குமே கோடு இல்ல. அவங்களுக்குத் தெரியல. அதனால என் சட்டையில தைக்கிறதுக்குப் பட்டையும் ஊசி நூலும் பையில வச்சிருந்தேன். பவானி எப்பவும் கேப்பா, ‘ஒரே ஒரு ஆட்டம் கேப்டனா ஆடணும்டி, அந்தக் கோட்டக் குடுடி’ன்னு. நான் குடுத்ததே இல்ல. அவ போயிட்டான்னு நெனச்சு தைச்சேன். எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல.”

போலீஸுக்கு ஒரு துப்பு விட்டுவைக்க வேண்டும் என்றெல்லாம் அவள் எண்ணியதே இல்லை. சிநேகிதிக்குக் கொடுக்காமல் வைத்திருந்த ஒன்றைக் கடைசியாகக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். காரில் வைத்து இவளைக் கொலைகாரி என்று தீர்மானித்ததற்காக ஹரிதாஸுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“அப்பறம் எங்கள எல்லாம் பஸ்ல ஏத்திட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னு அவள மட்டும் வேன்ல தூக்கிப் போட்டாரு. ராத்திரி ஹாஸ்டல்ல வந்து, ‘தெளிஞ்சிட்டா, வீட்ல விட்டுட்டேன், ரெஸ்ட் குடுத்தாச்சு’ன்னாரு. எல்லாரும் சாமிய கும்பிட்டோம். மறுநாள் குளத்துல கெடக்கிறான்னு சேதி வருது.”

“இத்தனையும் தெரிஞ்சுக்கிட்டு ஏன் பேசாம இருந்த?”

ராகினியின் முகம் உடைந்தது. “அவ வீட்டுக்கு வந்தான்னு ஷாமினியே சொல்றாளே ஆன்ட்டி! சொந்தத் தங்கச்சி பாத்தேன்னு சொல்றப்ப நான் என்ன சொல்றது? ஒடம்பு சூடாத்தான் இருந்துச்சு. வெயில் சூடுன்னு நெனச்சேன். அப்படின்னா அவ உயிரோட இருந்திருக்கா. உயிரோட இருந்தவள நான் பொணம்னு நெனச்சு மேல தைச்சிருக்கேன். அந்த அபசகுனத்துலதான் போய் விழுந்துட்டாளோன்னு... அன்னிலேர்ந்து கண்ண மூட முடியல.”

திலகவதி அவள் தோளைப் பிடித்தார். “ஷாமினிய அன்னிக்கு நீ எங்க பாத்த?”

“மில்லுலதான். ரிசர்வ் ஆளுன்னு அவளையும் வரச் சொல்லியிருந்தாங்க. படத்துல வராம ஓரமா நின்னா. திரும்பறப்ப பஸ்ல என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. தோட்டத்து முச்சந்தியில எறங்கினா.”

“ஸ்டோருக்குள்ள வந்தாளா?”

“யாரையும் விடல. வாசல்லயே நின்னு அழுதா.”

அன்றைக்கு முழுக்க வீட்டில்தான் இருந்தேன். ஒரே மூச்சில் வந்த அந்தப் பேச்சு ஹரிதாஸின் காதில் மறுபடி ஓடியது. பாவம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று இப்போது தெரிந்தது. ஆனாலும் அவள் பாவம்தான் என்றும் தோன்றியது.

“ராகினி, எங்ககூட வர்றியா? உன் சந்தேகத்த இன்னிக்கே தீத்து வைக்கிறேன்” என்றார் திலகவதி.

ராகினி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

* * *

மில் வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதன் முழு நீளத்துக்கும் எண்ணெய் போத்தலும் சருகுமானும் வரைந்திருந்தார்கள். பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஷாமினி மட்டும் கீழே, அம்மாவின் பக்கத்தில் நின்றாள். வேலைக்குப் போகிற சட்டையோடு வந்திருந்த சுப்பம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். காந்தன் கடிகாரத்தைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார்.

ஹரிதாஸ் மைவியைக் கொண்டுபோய் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டான்.

“ஹலோ, காடிய எடுங்க!” காந்தன் ஓடி வந்தார்.

“பழுதாயிருச்சு பாஸ். நல்ல எண்ணெய் ஊத்தினாத்தான் நகரும்போல.”

காரிலிருந்து ராகினி இறங்குவதைப் பார்த்ததும் காந்தனின் முகம் மாறியது. பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

திலகவதி நேராக ஷாமினியிடம் போனார். அதட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி விசாரிப்பது போல, “ஒரே ஒரு கேள்விம்மா. அன்னிக்கு அக்கா வீட்டுக்கு வந்தப்ப இந்த ஜெர்சிதானே போட்டிருந்தா?” என்று கேட்டார்.

“ஆமா ஆன்ட்டி.”

“நம்பருக்குக் கீழ கேப்டன் கோடு இருந்துச்சா?”

“கோடா?” ஷாமினிக்கு அது குழப்பமாக இருந்தது. ஆட்டம் தெரிந்தவள், அதனால் யோசிக்காமல் பதில் வந்தது. “இல்ல. வெறும் ஒம்பதுதான். அக்கா கேப்டன் இல்லியே. எனக்கு நல்லாத் தெரியும்.”

திலகவதி பையிலிருந்து சட்டையை எடுத்துக் காட்டினார்.

“நான்தான் தைச்சேன் ஷாமினி. ஸ்டோர் ரூம்ல. நாம பஸ் ஏறுறதுக்கு முன்னாடி” என்றாள் ராகினி.

“கோட்டோட வேன்ல ஏறின பொண்ணு, கோடு இல்லாம வீட்டுக்கு வந்து, மறுபடி கோட்டோட குளத்துல விழுந்திருக்கா. அப்படித்தானேம்மா?” திலகவதியின் குரல் இறங்கிவிட்டது. “அவ வீட்டுக்கு வரவே இல்ல. வேன்லேர்ந்து நேராக் குளத்துல கொண்டு போய்ப் போட்டிருக்காங்க. நீ பாக்கவே இல்ல.”

ஷாமினி அந்தக் கோட்டையே பார்த்தாள். காந்தன் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார். “இதெல்லாம் பேசாத. பஸ்ல ஏறு. ஏறுன்னு சொல்றேன்ல!” ஹரிதாஸ் நடுவில் போய் நின்றான். அவனைவிடக் காந்தன் உயரம்தான், ஆனாலும் கையை எடுத்துக்கொண்டார்.

“இவருதான் சொல்லச் சொன்னாரும்மா” என்றாள் ஷாமினி. வார்த்தைகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. “ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணாரு. அக்கா ஆஸ்பத்திரியில நல்லா இருக்கு, டீம் பேரு கெடக்கூடாது, அம்மா கேட்டா வீட்டுக்கு வந்துட்டு வெளிய போயிருக்குன்னு மட்டும் சொல்லுன்னாரு. ஒரு ராத்திரிக்குத்தானேன்னு சொன்னேன். காலையில பாத்தா... நான் சொன்னத எப்படிம்மா மாத்துறது? மாத்தினா நீயும் உள்ள போவன்னாரு. அக்கா எடத்தக் குடுக்கறேன்னாரு.”

டிரைவர் பஸ்ஸின் எஞ்சினை நிறுத்தினார். ராகினி தார்த் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, பல நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள். தான் தைத்தது பிணத்தின் மேல்தான் என்று உறுதியாகிவிட்டதற்காக ஒருத்தி நிம்மதியில் அழுவதை ஹரிதாஸ் அன்றுதான் பார்த்தான்.

சுப்பம்மா மகளின் மணிக்கட்டை விடவில்லை. “நீயும் அங்கதான் நின்னியா?”

“நின்னேம்மா.”

“விழறதுக்கு முன்னாடி அவ ஏதாச்சும் கேட்டாளா?”

ஷாமினி தலையை ஆட்டினாள். “தண்ணி கேட்டுச்சு. என்னப் பாத்துத்தான் கேட்டுச்சு.”

“குடுத்தியா?”

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூட அந்தப் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“கையில போத்தல் வச்சிருந்தேம்மா.” ஷாமினியின் குரல் கேட்கிறதா இல்லையா என்பது போல வந்தது. “கேமரா ஓடுதுன்னு குடுக்கல.”

அடிப்பார் என்று ஹரிதாஸ் நினைத்தான். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தான். சுப்பம்மா அடிக்கவில்லை. மகளின் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு ஹரிதாஸைப் பார்த்தார்.

“தம்பி, இவள போலீஸ் பாலாய்க்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. இப்ப சொன்னத அப்படியே போலீஸ்ல சொல்லட்டும். ஒரு சொல்லும் விடாம சொல்லட்டும். அந்தத் தண்ணி விஷயத்தையும் சொல்லணும்.”

ஹரிதாஸ் காரின் பின்கதவைத் திறந்தான். ஷாமினி ஏறி உட்கார்ந்து, “நீ வரலியாம்மா?” என்று கேட்டாள்.

“நான் வரல. சொல்லி முடிச்சிட்டு வீட்டுக்கு வா” என்றார் சுப்பம்மா. “எந்நேரமானாலும் வா. சோறாக்கி வைக்கிறேன்.”

சொல்லிவிட்டு அந்தப் பையோடு தோட்டத்துப் பாதையில் நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருடைய தோள்கள் குலுங்குவது தெரிந்தது.